வார்ம் அப் திட்டம் பசங்களை வேகமாக்குமா, காயத்தை மட்டும் தடுக்குமா?

கேள்வி: 4 பிப்ரவரி 2024

14 வயதுக்கு உட்பட்ட கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 75 நிமிடம்தான் கிரவுண்டு கிடைக்கும். ஃபிஃபா 11+ என்ற வார்ம் அப் திட்டத்தைச் செய்யச் சொல்கிறார்கள். அதற்கே 20 நிமிடம் போய்விடும். காயம் குறையும் என்கிறார்கள், சரி. ஆனால் பசங்க வேகமாக ஓடுவார்களா, உயரமாகத் தாண்டுவார்களா? இல்லையென்றால் அந்த 20 நிமிடத்தைப் பந்தோடு செலவழிப்பதுதான் நியாயம்.

4 பிப்ரவரி, இரவு

ஓடுவார்கள். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பதும் அதே வயது அணிதான், பையன்களும் பெண்களுமாக 19 பேர். சீசன் தொடக்கத்தில் 20 மீட்டர் ஓடவிட்டு நேரம் எடுத்தேன். சராசரி 3.74 வினாடி. பத்து வாரம் 11+ செய்த பிறகு 3.61. 0.13 வினாடி குறைந்திருக்கிறது. தூரக் கணக்கில் முக்கால் மீட்டர் வரும். தளர்ந்து உருளும் பந்தை யார் முதலில் தொடுவது என்பதற்கு முக்கால் மீட்டர் தாராளம். யோசிக்காமல் செய்யுங்கள்.

5 பிப்ரவரி

திட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக வரிசையைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 15 பயிற்சி, மூன்று பகுதி. ஆறு ஜோடி கோன்களை 5, 6 மீட்டர் இடைவெளியில் இணையாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பகுதி 8 நிமிட மெது ஓட்டம். நடுவில் நின்று இடுப்பை வெளிப்பக்கம் திருப்புவது, உள்பக்கம் திருப்புவது, கூட ஓடுபவரைச் சுற்றி வருவது, குதித்துத் தோளோடு தோள் மோதுவது, முன்னும் பின்னும் ஓடுவது எல்லாம் இதற்குள் வரும். இரண்டாம் பகுதி 10 நிமிடம்: பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது), பக்கவாட்டுப் பிளாங்க், தொடைப் பின்தசைக்கு நார்டிக் (மண்டியிட்டு, இன்னொருவர் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது), ஒற்றைக்காலில் நிற்பது, ஸ்குவாட், தாண்டல். இந்த ஆறுக்கும் மூன்று நிலை உண்டு. மூன்றாம் பகுதி 2 நிமிடம்: வேக ஓட்டம், எம்பி எம்பி ஓடுவது, காலை ஊன்றித் திசை மாற்றுவது.

பசங்களுக்கு அதிகம் பிடித்தது தோள் மோதல். அதிகம் பிடிக்காதது நார்டிக்.

7 பிப்ரவரி

முதல் பதிவில் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். "வார்ம் அப் செய்தால் வேகம் கூடுமா" என்பது இரண்டு கேள்வி.

ஒன்று, இன்றைக்கு வார்ம் அப் செய்தால் இன்றைக்கே வேகமாக ஓட முடியுமா? முடியும். இதில் சண்டைக்கே இடமில்லை. தசை சூடானால் வேகமாகச் சுருங்கும். தசையின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், ஓட்டம், தாண்டல் போன்றவற்றில் வெளிவரும் ஆற்றல் 2 முதல் 5 சதவீதம் வரை கூடும். ஓடத் தொடங்கிய முதல் 3 முதல் 5 நிமிடத்திலேயே வெப்பம் மளமளவென்று ஏறும், 10 முதல் 20 நிமிடத்துக்குள் நிலைக்கு வந்துவிடும். 11+தான் வேண்டும் என்பதில்லை, ஒழுங்கான எந்த வார்ம் அப்பும் இதைச் செய்யும்.

இரண்டு, அதையே பத்து வாரம் விடாமல் செய்தால், பிள்ளையின் ஓட்டமே மாறுமா? கேட்டவர் கேட்டது இதைத்தான். நான் பதில் சொன்னதும் இதற்குத்தான். ஆனால் அந்தப் பதில் எனக்கே இப்போது உறுத்துகிறது. உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

11 பிப்ரவரி

பார்த்தேன். 0.13 வினாடியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இன்று பயிற்சியில் ஒரு பையனை ஓடவிட்டு, நானும் என் உதவிக் கோச்சும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினோம். ஒரே ஓட்டம். என்னுடையது 3.52, அவருடையது 3.71. அடுத்த ஓட்டத்தில் எனக்கு 3.66, அவருக்கு 3.60. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் சாதாரணமாகவே 0.2 வினாடி போய்விடுகிறது. தொடக்கத்தில் ஒருவிதமாகவும் முடிவில் கோட்டை எதிர்பார்த்துச் சற்று முன்னதாகவும் அழுத்துகிறோம். நான் பெருமையாகச் சொன்ன வித்தியாசமே அதைவிடச் சின்னது.

19 பேரின் சராசரி என்பதால் ஏற்ற இறக்கம் கொஞ்சம் சமனாகியிருக்கும் என்று வாதாடலாம். ஆனால் பத்தாவது வாரம் கையில் வாட்ச் இருந்தது முன்னேற்றத்தைப் பார்க்க ஆசைப்பட்ட ஆளிடம். அந்த ஆசை எல்லா ஓட்டத்திலும் ஒரே பக்கம்தான் இழுக்கும்.

12 பிப்ரவரி

கைபேசியில் ஸ்லோமோஷன் எடுங்கள். வினாடிக்கு 240 படம் என்று வைத்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே சுமார் 0.004 வினாடிதான். போனைத் தரையில் ஊன்றி, முடிவுக் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் வைக்க வேண்டும். சாய்வாக வைத்தால் மார்பு கோட்டைத் தாண்டியதும் தாண்டாததும் பிடிபடாது. தொடக்கமும் அதே படத்தில் தெரிய வேண்டும் என்பதால் 10 மீட்டர் ஓட்டத்துக்குத்தான் இது வசதி.

18 பிப்ரவரி

இந்த வாரம் முழுக்க மனதை அரித்தது வாட்ச் இல்லை, வளர்ச்சி.

பக்கத்துக் கிரவுண்டில் பயிற்சி செய்யும் இன்னொரு அணியும் அதே வயதுதான். அவர்கள் 11+ செய்ததில்லை. இரண்டு சுற்று ஓட்டம், வட்டமாக நின்று கைகால் நீட்டுவது, அவ்வளவுதான். சீசன் தொடக்கத்தில் என் பசங்களோடு சேர்த்து அவர்களுக்கும் நேரம் எடுத்திருந்தேன். பத்து வாரம் கழித்தும் எடுத்தேன். அந்த நோட்டைத் தேடிப் பிடித்தேன். 3.70, பிறகு 3.59. அவர்களுக்கும் 0.11 குறைந்திருக்கிறது.

ஆக, ஒரு திட்டமும் இல்லாமலே அவர்களும் வேகமாகியிருக்கிறார்கள், அல்லது என் விரல் அவர்களுக்கும் அதே தப்பைச் செய்திருக்கிறது. இரண்டில் எது என்றாலும் என் 0.13-இல் திட்டத்தின் பங்கு என்று மிஞ்சுவது 0.02. அதை வைத்துக்கொண்டு யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது.

இந்த வயதை யோசித்துப் பாருங்கள். உயரம் மிக வேகமாக ஏறும் கட்டம் பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் வருகிறது. அந்த உச்சத்தில் ஒரு பையன் ஒரே வருடத்தில் 8 முதல் 10 செ.மீ. வளர்ந்துவிடுவான். கால் நீளும், எடை கூடும், தசை பிறகு வந்து சேரும். ஜூனில் சரியாக இருந்த சட்டை டிசம்பரில் தொப்புளைக் காட்டும். இப்படிப்பட்ட உடம்பில் பத்து வாரத்தில் என்ன மாறினாலும் அதை நாம் கொடுத்த பயிற்சியின் கணக்கில் எழுதுவது தப்பு. திட்டம் செய்யாத அணி ஒன்றும் பக்கத்தில் வேண்டும். அது இல்லாமல் "என் பசங்க முன்னேறிவிட்டார்கள்" என்று யார் சொன்னாலும், முதல் ஆளாக நான் சொன்னாலும், நம்பாதீர்கள்.

கூடவே இன்னொன்று. இந்தக் கட்டத்தில் சில பிள்ளைகள் சில மாதம் தடுமாறுவார்கள். நேற்று வரை அழகாகப் பந்தை நிறுத்தியவன் தன் காலே தனக்கு அந்நியமானதுபோல் இடறுவான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டிக்கொண்டு வலிக்கும், அல்லது குதிகால் வலிக்கும். அவர்கள் வேகமோ தாண்டலோ குறைந்திருந்தால் சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள். தாண்டல்களைக் குறைத்து, வலியைக் கேட்டு, வளரவிடுங்கள்.

19 பிப்ரவரி

மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம். பக்கத்து அணி "ஒன்றும் செய்யவில்லை" என்ற தொனி வந்துவிட்டது. அவர்களும் ஓடினார்கள், பந்து ஆடினார்கள். கால்பந்து ஆடுவதே ஒரு பயிற்சிதான்.

25 பிப்ரவரி

ஆராய்ச்சிகளைப் படித்தவரையில் கதை இதுதான்.

11+க்கு முன்னால் 2003-இல் ஃபிஃபாவின் மருத்துவப் பிரிவு கொண்டுவந்தது 'தி லெவன்'. பத்து பயிற்சி, சிரமம் கூடிக்கொண்டே போகும் நிலைகள் கிடையாது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் அணிகளில் அதைச் சோதித்தபோது காயம் குறையவில்லை. பத்து வாரம் அதைச் செய்த பதின்வயதுப் பெண்களிடம் ஓட்டம், தாண்டல், வலிமை எதிலும் அதைச் செய்யாத குழுவைவிட முன்னேற்றம் தெரியவில்லை. காயச் சோதனையில் இருந்த அணிகள் பயிற்சி நாட்களில் பாதியளவில்தான் அதைச் செய்திருந்தன.

அதை மாற்றி, மூன்று நிலைகளும் ஓட்டமும் சேர்த்து 2006-இல் வந்ததுதான் 11+. அதே நார்வே, அதே வயதுப் பெண்கள், 125 கிளப், 1892 பேர். 2008-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் முடிவு வந்தது. மொத்தக் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, கடுமையான காயம் பாதியை நெருங்கிக் குறைந்தது. ஆனால் அவர்கள் முதன்மையாக அளக்க நினைத்தது கால் காயங்களை. அதில் குறைவு இருந்தது, புள்ளிவிவரக் கணக்கில் உறுதி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. விளம்பரத் தாள்களில் இந்தக் கடைசி வரி வராது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாக 11+ கிட்ஸ் இருக்கிறது. ஏழு பயிற்சி, ஐந்து நிலை. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, செக் குடியரசு நான்கிலும் 7 முதல் 12 வயது வரை 3895 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 2018-இல் வந்த முடிவில் காயம் 48 சதவீதம் குறைவு. சமநிலை, தாண்டல் போன்ற திறன்களைச் சின்ன அளவில் சோதித்தபோது லேசான முன்னேற்றம் தெரிந்தது.

கேட்டவருக்கு என் பதில் இப்போது இப்படி மாறுகிறது: காயத்துக்குச் சான்று பலமாக இருக்கிறது. திறனுக்குச் சான்று லேசாக, கலவையாக இருக்கிறது. சமநிலையிலும் தரையிறங்குவதிலும் மாற்றம் எதிர்பார்க்கலாம். நேர் ஓட்ட வேகத்துக்காக மட்டும் இதை எடுத்தால் ஏமாற்றம்தான்.

26 பிப்ரவரி

நார்வே சோதனையில் விட்டுப்போன ஒன்று. 11+ குழுவுக்குள்ளேயே, அதிகம் செய்தவர்களுக்கு நடுத்தரமாகச் செய்தவர்களைவிடக் காய வாய்ப்பு 35 சதவீதம் குறைவு. ஒழுங்காக வருகிற பிள்ளைகள் வேறு விஷயங்களிலும் கவனமாக இருப்பவர்களாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

3 மார்ச்

ஸ்டிரெட்சிங் பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால் உடனே வரும் ஓட்டத்திலும் தாண்டலிலும் பலம் சற்றுக் குறையும். அரை நிமிடத்துக்குள் என்றால் பாதிப்பு மிகச் சின்னது. பத்து எண்ணும்வரை கால்விரலைத் தொட்டால் குடி ஒன்றும் முழுகிப் போகாது. என் வருத்தம் வேறு: பதினெட்டுப் பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தசையாக நீட்டி முடிப்பதற்குள் ஓடி ஏற்றிய சூடெல்லாம் இறங்கிவிடுகிறது. உடல்வலுப் பயிற்சி நிபுணர் இயன் ஜெஃப்ரீஸ் 2007-இல் சொன்ன வரிசை எனக்குப் பிடித்தது: உடம்பைச் சூடாக்கு, தேவையான தசைகளை எழுப்பு, மூட்டுகளை அசைத்து விரி, கடைசியாக ஆட்டத்தின் வேகத்துக்குக் கொண்டுபோ. 11+ஐப் பார்த்தால் அதிலும் ஏறக்குறைய இந்த ஒழுங்குதான் இருக்கிறது.

10 மார்ச்

நேற்றைய பயிற்சியைச் சொல்லியாக வேண்டும்.

காலையில் மழை பெய்து புல் ஈரம். ஜோடி ஜோடியாகத் தாண்டல். என் கோல்கீப்பர் பொண்ணு, அணியிலேயே உயரமானவள், எம்பித் தரையிறங்கும்போது இரண்டு முழங்காலும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று முட்டும். ஆறு வாரமாகப் "பாதத்துக்கு நேரே முழங்கால்" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். இந்த வயதைத் தாண்டும்போது பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழியும் ஆபத்து பையன்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடும். அதனால் அவள் விஷயத்தில் எனக்குப் பயமே உண்டு.

நேற்று நான் பேசவில்லை. போனை அவளுக்கு எதிரே தரையில், ஷூவில் சாய்த்து வைத்தேன். மூன்று முறை தாண்டினாள். ஸ்லோமோஷனில் காட்டினேன். குதிகால் தரையைத் தொடுவதற்குள் வலது முழங்கால் உள்ளே மடிந்து, ஒரு கணம் நடுங்கி, பிறகு வெளியே வருகிறது. அவள் போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "கோச், இது என் கால் மாதிரியே இல்லையே" என்றாள். பிறகு தானாகவே பாதத்தைச் சற்று அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, சத்தமே இல்லாமல் இறங்கினாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஜோடியில் ஒருவர் தாண்ட, மற்றவர் எதிரே குந்தி முழங்காலை மட்டும் பார்க்க வேண்டும் என்று மாற்றினோம். உள்ளே சாய்ந்தால் "முட்டி!" என்று கத்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் கிரவுண்டு முழுக்க முட்டி, முட்டி என்று ஒரே கூச்சல். சும்மா எண்ணிக்கை முடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது பார்க்கிறார்கள்.

17 மார்ச்

மேட்சில் டச்லைனில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள் எதிரணிப் பையனுக்கும் "முட்டி!" என்று கத்தினார்கள். ரெஃப்ரீ என்னைப் பார்த்தார். விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

அதே மேட்சில் இன்னொன்று கவனித்தேன். இடைவேளைக்குப் பிறகு முதல் ஐந்து நிமிடம் எங்கள் அணி தூங்கியது, ஒரு கோல் வாங்கினோம். டென்மார்க்கில் பெரியவர்களிடம் செய்து 2004-இல் வந்த ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. இடைவேளையில் உட்கார்ந்தே இருந்தவர்களுக்குத் தொடைத் தசை வெப்பம் சுமார் 2 டிகிரி இறங்கியது, ஓட்டம் 2.4 சதவீதம் மந்தமானது. இடைவேளை முடியுமுன் சில நிமிடம் மிதமாக ஓடியவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. 30 மீட்டரில் 2.4 சதவீதம் என்றால் ஏறக்குறைய 70 செ.மீ. பத்து வாரத்தில் நான் தேடிக் கிடைக்காத முக்கால் மீட்டர், இடைவேளையில் நான் நீட்டி முழக்கிய பேச்சில் போயிருக்கலாம். இனி பேச்சு ஐந்து நிமிடம், பிறகு எழுந்து ஓட்டம். கடும் வெயிலில் மட்டும் இதைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அப்போது உடம்பின் சூட்டைத் தணிப்பதுதான் முக்கியம்.

24 மார்ச்

தாண்டல் உயரத்தில் நல்ல செய்தி என்று எழுத வந்தேன், எழுதும்போதே சந்தேகம் வந்துவிட்டது.

ஸ்லோமோஷனில் கால் தரையை விட்ட படத்திலிருந்து மறுபடி தொட்ட படம்வரை எண்ணினால் காற்றில் இருந்த நேரம் கிடைக்கும். அதன் வர்க்கத்தை 9.81 ஆல் பெருக்கி 8 ஆல் வகுத்தால் உயரம், மீட்டரில். 0.48 வினாடி என்றால் சுமார் 28 செ.மீ. 0.50 என்றால் 31. ஜனவரிக்கும் இப்போதைக்கும் என் பசங்களுக்குச் சராசரியாக 3 செ.மீ. கூடியிருந்தது. துள்ளிக் குதித்தேன்.

ஆனால் இந்தச் சூத்திரம், கிளம்பும்போது கால் எப்படி நீண்டிருந்ததோ அப்படியே இறங்கும்போதும் நீண்டிருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது. முழங்காலை மடித்துக்கொண்டே இறங்கினால் பாதம் தரையைத் தொடத் தாமதமாகும், உயரம் கூடாமலே நேரம் கூடும். இரண்டு மாதமாக நான் கற்றுக்கொடுத்தது எதை? முழங்காலை மடித்து மெதுவாக இறங்குவதைத்தான். வீடியோவை மறுபடி பார்த்தேன். ஜனவரியில் விறைத்த காலோடு தொப்பென்று இறங்கியவர்கள், மார்ச்சில் தொடுவதற்கு முன்பே மடிக்கிறார்கள். 3 செ.மீ.இல் எவ்வளவு உண்மை, எவ்வளவு மடிப்பு என்று பிரிக்க வழியில்லை.

அந்த வீடியோக்களை அழிக்கவில்லை. உயரத்தைச் சொல்லாவிட்டாலும், இறங்கும் விதம் மாறியிருப்பதை அவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டுகின்றன. எனக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

31 மார்ச்

75 நிமிடம் பற்றி. ஆஸ்திரேலியாவில் அரைத் தொழில்முறை ஆண்கள் அணிகளில், இரண்டாம் பகுதியைப் பயிற்சியின் கடைசிக்கு மாற்றிப் பார்த்தார்கள். வழக்கப்படி முதலிலேயே எல்லாம் செய்தவர்களைவிட அவர்களிடம் கடுமையான காயம் குறைந்தது, ஒழுங்காகச் செய்ததும் கூடியது. பெரியவர்கள் கதைதான், ஆனாலும் நான் பாதியை எடுத்துக்கொண்டேன். முன்னால் ஓட்டம், தாண்டல், ஒற்றைக்கால், கடைசி 2 நிமிட வேகம். நார்டிக்கும் பிளாங்க்கும் பயிற்சி முடிவில். தாண்டலை மட்டும் கடைசிக்குத் தள்ளாதீர்கள், களைத்த காலோடு தரையிறங்கப் பழகுகிற பிள்ளை தப்பைத்தான் பழகும். நார்டிக்கைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 3 முதல் 5 முறை போதும். முதல் வாரம் நானே 10 கொடுத்து, இரண்டு நாள் பிள்ளைகள் படியிறங்க முடியாமல் தவித்தார்கள். அது என் தப்பு.

கூடவே, மூன்றாம் பகுதியின் ஓட்டங்களை முழு மூச்சோடு ஓடவைக்க வேண்டும். வேகமாக ஓடாமல் வேகம் வராது. வேகம் கூட ஏதாவது வாய்ப்பு இந்தத் திட்டத்தில் இருந்தால் அது அந்த 2 நிமிடத்திலும் தாண்டலிலும்தான்.

7 ஏப்ரல்

கேட்டவர் மறுபடி எழுதியிருந்தார்: "அப்போ செய்யலாமா, வேண்டாமா?" செய்யுங்கள். முதல் நாள் நான் சொன்ன காரணத்துக்காக வேண்டாம். சீசன் கடைசி மேட்சுக்கு எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதற்காகச் செய்யுங்கள். காயத்தோடு ஆறு வாரம் வீட்டில் கிடக்கும் பையனுக்கு எந்தப் பந்துப் பயிற்சியும் கிடையாது. வேகம் வந்தால் சந்தோஷம்.

14 ஏப்ரல்

புதிய சீசன் அளவெடுப்பு அடுத்த ஞாயிறு. 10 மீட்டர், ஸ்லோமோஷனில், ஆளுக்கு மூன்று ஓட்டம். தாண்டலில் கை இடுப்பில், இறங்கும்போது கால் நீட்டியிருக்க வேண்டும், மடித்தால் அந்தத் தாண்டல் கணக்கில் இல்லை. அதைத் தனிச் சோதனை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் குழம்பிப்போவார்கள். மாதாமாதம் உயரமும் எடையும் குறிப்போம். பக்கத்து அணி கோச் தன் பசங்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். கோல்கீப்பர் பொண்ணு போனைத் தான்தான் வைப்பேன் என்கிறாள்.